பனிக்குகையின் மேல்சுரம்

உங்கள் காவல் நிலையத்தில் தேநீர் ஆறிப்போய்த்தான் வருகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை, தானிமுரா சார். வேலை மும்முரத்தில் குடிக்க மறந்து, ஆறின தேநீரையே குடித்துப் பழகியவன் நான். நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்த வாக்குமூலத்தை நிதானமாகப் படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 'பழுதுபார்க்கும்போது நேர்ந்த கவனக்குறைவு' என்று ஒரு வரி வருகிறது. என்னைச் சின்னத் தண்டனையோடு விட்டுவிடலாம் என்ற நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பீர்கள். இருந்தாலும் அதில் என்னால் ரேகை வைக்க முடியாது. என் வேலையில் கவனக்குறைவு நேர்வதில்லை. நகோயாவில், எங்கள் ஓசு கடைத்தெருவில், என்னைப் பிடிக்காதவர்களைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆகவே என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

நான் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்ப்பவன். நீங்கள் சின்ன வயதில் விளையாடிய பெட்டிதான். அது இரண்டு பதிப்புகளாக வெளிவந்தது. முதல் பதிப்பில் மேல்சுரங்கள் பிளேடால் கீறினதுபோல் வரும். இரண்டாம் பதிப்பில் ஒலி வரும் பாதையில் பயறு அளவுக்கு ஒரு கெபாசிட்டரைக் கூடுதலாக வைத்தார்கள். கீச்சென்ற ஒலிகளை அது வடிகட்டிவிடும். ஒரே கேம், ஒரே பாட்டுதான். ஆனால் இரண்டாவது பெட்டியில் அதைக் கேட்பது, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படம் பார்ப்பதைப் போல.

ஜனங்களுக்கு இது தெரியாது. "எங்க வீட்ல இருந்தது இதுதாங்க, இந்தச் சத்தம்தான் எனக்குப் பழக்கம்" என்று இரண்டாம் பதிப்பைத் துணியில் சுற்றிக் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் யாரிடமும் கோபித்துக்கொண்டதில்லை. கேட்ட பழுதைச் சரிசெய்வேன். கூடவே அந்தக் கெபாசிட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மூடித் திருப்பிக் கொடுப்பேன். ஒருவர்கூட வந்து கேட்டதில்லை. "ஆமாங்க, இதேதான் எங்க வீட்டுச் சத்தம்" என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுடைய காது அவ்வளவுதான்.

ஹிராய்வா மாஸ்டரை நான் அந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. அந்தப் பெட்டியில் ஓடும் ஒரு கேமில் வரும் பனிக்குகைப் பாட்டுக்கு இசையமைத்தவர் அவர். அந்தப் பாட்டின் நடுவில் ஒரு மேல்சுரம் தனியாக ஏறி நிற்கும். முதல் பதிப்பில் மட்டுமே அது ஓரம் கிழிந்து நடுங்கும். பனியில் வழி தெரியாமல் நடப்பவனின் அழுகை அது என்று நான் இருபது வருடமாகப் பத்திரிகைகளில் எழுதி வருகிறேன். இன்றைக்கு அந்தப் பாட்டைப் பற்றி யார் எழுதினாலும், என்னைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

மாஸ்டர் மியே பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில், மகள் மிச்சியோவோடு இருந்தார். மாதம் ஒருமுறை மோச்சி அரிசிப் பலகாரப் பொட்டலத்தோடு போய்ப் பார்ப்பேன். சட்டைப்பையில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர் என்று பழைய மாதிரிக் காதுக்கருவி வைத்திருந்தார். அதன் சக்கரத்தை விரலால் திருகித் திருகித்தான் பேசுவார். அப்படிப்பட்ட பாட்டைப் போட்டவர், தொலைக்காட்சியில் வரும் சோயா சாஸ் விளம்பரத்தை முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருந்தது. பொறுத்துக்கொண்டேன்.

போன இலையுதிர் காலத்தில் பனிக்குகைப் பாட்டை இசைத்தட்டாக வெளியிடுவதென்று ஏற்பாடானது. எந்தப் பெட்டியிலிருந்து ஒலிப்பதிவு செய்வது என்ற கேள்வி வந்தது. அந்தத் தட்டுதான் இனி எல்லோருக்கும் ஆதாரம் என்று ஆகிவிடும். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

"ரெண்டாவது பெட்டிதாம்ப்பா. நான் சொல்லிட்டேன்," என்றார் மாஸ்டர்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "முதல் பதிப்புலதானே மாஸ்டர் அந்த மேல்சுரம் வருது?"

"அது சுரமா? அட போ குஸே தம்பி. அது கோளாறு. மொத பெட்டி வந்தப்ப அதைக் கேட்டுட்டு எனக்குப் பல்லு கூசிப்போச்சு. கம்பெனிக்குப் போய்ச் சண்டை போட்டேன். அப்புறம்தான் ரெண்டாவதுல அடக்கினாங்க. நான் மனசுல நெனச்ச பாட்டு அதுதான்."

"அப்பா, குஸே சார் அதைப் பத்தி எவ்வளவு எழுதியிருக்காரு. அழுகைன்னு," என்றாள் மிச்சியோ. அவளுக்கு உதட்டோரம் சிரிப்பு.

"படிச்சுக் காட்டினியே. அழுதது நெசந்தான். நான்தான் அழுதேன், அந்தக் கீச்சைக் கேட்டுட்டு."

அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். தட்டின் உறையில் இந்தக் கதையையே எழுதப்போவதாகவும் அவர் சொன்னார். இயற்றியவனுக்குத் தன் படைப்பின் மேல் எல்லா உரிமையும் உண்டு என்பது ஜனங்கள் நம்பும் இன்னொரு மூடத்தனம். கோழிக்கு முட்டையின் ருசி தெரியுமா, சொல்லுங்கள்.

பிறகுதான் அந்தப் பரீட்சை. மாஸ்டர் இரண்டு பெட்டிகளையும் காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்து, ஒரே ஒலிபெருக்கியில் மாற்றி மாற்றி ஓட்டினார். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து எது எதென்று சொல்ல வேண்டும். அதில் என்ன நடந்தது என்று மிச்சியோ உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் கிளம்பும்போது மாஸ்டர் காதுக்கருவியைக் கழற்றி நீட்டினார். "இது கரகரங்குது தம்பி. உன் கையால கொஞ்சம் பாரேன். வீட்ல பழசு ஒண்ணு கெடக்கு, அதுவரைக்கும் அதை வச்சு ஓட்டிக்கிறேன்."

கரகரப்பு வெறும் அழுக்குதான், துடைத்ததும் போய்விட்டது. அதன் பிறகு ஒரு கெபாசிட்டரைத் தேர்ந்தெடுத்து ஒலிப்பாதையில் பற்றவைத்தேன். பேச்சுக்குரல் வரும், கீச்சென்ற ஒலி எதுவும் வராது. இரண்டாம் பதிப்பில் இருப்பதைவிட ஒரு படி பெரியது. அடுத்த முறை போகும்போது கொடுத்தேன்.

"உங்களுக்குப் பிடிச்ச மாதிரியே பண்ணியிருக்கேன் மாஸ்டர்."

மாட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இதமா இருக்குப்பா. மிச்சியோ பாத்திரம் உருட்டுறதுகூடப் பஞ்சுல விழுற மாதிரி இருக்கு."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கேட்டதைத்தான் கொடுத்தேன். அவர் கேட்டது எவ்வளவு மட்டமானது என்பது அவருக்குத் தெரியவில்லை. அது என் குற்றமா?

நான் ஊர் திரும்பும்போதெல்லாம் ரயில் நிலையம்வரை வந்து வழியனுப்புவது அவர் பழக்கம். வழியில் ஒரு ரயில்பாதையைக் கடக்க வேண்டும். நீங்களே பார்த்தீர்கள், தடுப்பும் கிடையாது, மணியும் கிடையாது. நின்று பார், கேள் என்று ஒரு பலகை மட்டும்தான். மூங்கில் புதர் மறைப்பதால் பார்த்துப் பயனில்லை. வளைவுக்கு அப்பால் வரும்போதே ஒற்றைப்பெட்டி ரயில் ஊதிவிடும். மெலிந்து, உயர்ந்த ஊதல். மாஸ்டர் அங்கே நின்று, கருவியின் சக்கரத்தை முழுதாகத் திருப்பிக் கண்ணை மூடிக் கேட்பார். ஒன்றும் கேட்கவில்லை என்றால் கடப்பார். பல தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

கருவியைக் கொடுத்த அன்று நான் முன்னால் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றேன். ஊதல் தெளிவாகக் கேட்டது. முதல் பதிப்பு மாதிரி, ஓரம் கிழிந்த ஒலி. மாஸ்டர் நின்றார். சக்கரத்தைத் திருப்பினார். கண்ணை மூடினார். திறந்து, வரலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, வாருங்கள் என்று விரல்களை அசைத்தேன். வந்தார்.

கவனக்குறைவு என்று எழுதினீர்களே, சார். இதில் எந்த இடத்தில் கவனம் குறைந்தது?

சாவு வீட்டில் மிச்சியோவிடம், கடைசி நாளில் அப்பா மனம் மாறி முதல் பதிப்புக்கே சம்மதித்துவிட்டார் என்று சொன்னேன். அழுதுகொண்டே நம்பினாள். என் பெட்டியிலிருந்து ஒலிப்பதிவும் முடிந்தது. பாதைக்குப் பக்கத்துப் புல்லில் கிடந்த காதுக்கருவி உடையாமல் இருந்ததும், ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளத் துடைத்துத் தரச்சொல்லி அவள் அதை ஒரு காதுக்கருவிக் கடையில் கொடுத்ததும் என் கணக்கில் வராதவை. கடைக்காரன் திறந்து பார்த்து, "இவ்வளவு சுத்தமா யாரும்மா பத்தவச்சது?" என்று கேட்டானாம். அவன் ஒருவனுக்காவது வேலை தெரிந்திருக்கிறது.

ஆகவே குறித்துக்கொள்ளுங்கள். ஹிராய்வா தெட்சுஜியை நான் தெரிந்தே, யோசித்தே கொன்றேன். எத்தனை வருடம் கொடுத்தாலும் சரி. அந்தச் சுரத்தைக் காப்பாற்ற வேறு ஆளில்லை.

ஒரே ஒரு திருத்தம். கதவுக்குப் பின்னால் ஓட்டியபோது நான் ஒவ்வொரு தடவையும் இரண்டாம் பதிப்பையே முதல் பதிப்பு என்று சொன்னதாக, மிச்சியோவின் வாக்குமூலத்தில் இருக்கிறது. "தம்பி, உன் காது என் காதைவிட மோசமா இருக்கே, வேணும்னா என் மெஷினை மாட்டிக்கோ" என்று மாஸ்டர் சொல்லிச் சிரித்ததாகவும் இருக்கிறது. சிரித்தது உண்மைதான். ஆனால் கிழவர் ஒயர்களை மாற்றிச் செருகியிருந்தார். நேற்று இந்த அறையில் நீங்கள் என்னைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்து இரண்டு பெட்டிகளை ஓட்டிக் காட்டினீர்களே, அதிலும் உங்கள் ஆட்கள் அதே தப்பைத்தான் செய்தார்கள்.

அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். ரேகை வைக்கிறேன்.