ஸ்பீக்கர் போடாத லேப்

அந்த ஸ்பீக்கர மட்டும் போடாத ஜெயப்பிரியா. ஸ்கிரீன்லதான் கோடு ஓடுதில்ல, அத்தப் பாத்துக்க. இன்னாது? மத்த லேப்ல எல்லாம் சத்தத்தக் கேட்டுகினேதான் ஊசிய எறக்குவாங்களா? தெரியும்மா. இங்கயும் அப்படித்தான் இருந்துச்சு. உக்காரு, சொல்றேன்.

இப்ப நீ வச்சிருக்கிறது எலி மூளை. எப்பவாச்சும் மனுஷ மூளையும் வரும். வலிப்புக்கு ஆபரேஷன் பண்றப்ப வெட்டி எடுக்குற துண்டு. குப்பைக்குப் போறத, அவங்க சம்மதிச்சா நமக்குக் குடுப்பாங்க. ஐஸ்ல வச்சு ஓடியாந்து, மெல்லிசா சீவி, இதே மாதிரி உப்புத் தண்ணியில ஆக்சிஜன் வுட்டு வச்சா, பொழுது சாயற வரைக்கும் உசுரோட கீது. ஒரு நரம்பு இன்னொண்ணுகிட்ட பேசுறது இந்த ஸ்பீக்கர் டப்பாவுல டக், டக்குனு கேக்கும்.

எங்க கோவளத்து ஆளு, பூபாலன்னு. மீன் புடிக்கப் போறவரு. வலிப்பு வந்து போட்லயிருந்து வுழுந்து, பொழைச்சதே பெருசு. அப்பறம்தான் ஆபரேஷனுக்கு ஒத்துகினாரு. துண்டத் தரீங்களானு கேட்டதுக்குச் சிரிச்சாரு. எடுத்துக்கோங்க, என்னக் கடல்ல தள்ளுன துண்டுதானேன்னாரு.

துண்டு பேரு போட்டு வராதுதான். ஆனா அன்னிக்கு ஒரே ஆபரேஷன், அவருதுதான். நம்ம லேப் டாக்டரு அதுல ஊசிய எறக்குனாரு, டப்பா பேச ஆரமிச்சுது. நான் ஆக்சிஜன் குழாயப் பாத்துகினு நின்னேன். அப்பதான் ஆஸ்பத்திரி பக்கத்துலயிருந்து போன். தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடுச்சாம். ஆளு போயிட்டாரு.

போனக் காதுல வச்சிகினு நிக்கிறேன், டப்பா டக் டக்குனுது.

டாக்டருக்கு மூஞ்சே செத்துப்போச்சு. நிறுத்திடலாமா ரூத்துன்னாரு. வாணா சார், அது பாட்டுக்குப் பேசட்டும்னேன். தண்ணி மாத்திகினே இருந்தேன். சாயங்காலமா வுட்டு வுட்டுக் கேட்டுது. அப்பறம் ஒண்ணுமில்ல. அதுக்கப்பறம்தான் குழாய மூடிட்டுக் கெளம்புனேன்.

இது எலியோடதுதானே அக்கான்றியா? சத்தம் ஒண்ணுதாம்மா. வூட்டுல கொழா சொட்டுனாக்கூட தூக்கிவாரிப் போடுது எனக்கு.

எங்க தெருவுல இன்னமும் பேசுறாங்க. புருஷன் பொணமாக் கெடக்குறப்ப இவ லேப்ல வேல பாத்துகினு இருந்தாளேன்னு. மாமியாரு பேச்சே வுட்டுட்டாங்க. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உக்கார முடியாமத்தான் இங்க வந்து நின்னேன். அவருகூடத்தான் இருந்தேன்னு யாருகிட்டம்மா போய்ச் சொல்றது?