ஊவா ஒண்ணு

விதுஷா: ...இல்ல சேர், மறுபடியும் தேடிப் பாத்துட்டேன். நாலுதான் காட்டுது.

புவனேந்திரன்: எது நாலு?

விதுஷா: கொம்பியூட்டர். கொழும்புல புதுசா ஒரு சொஃப்ட்வெயார் குடுத்திருக்காங்க. நான் இங்க பதுளையில ஒரு பட்டனை அமுக்கினா, நம்ம டொமைன்ல, அதான் கம்பனி நெட்வேர்க்ல, எத்தனை மெஷின் இருக்குன்னு அதுவே தேடிச் சொல்லும். பதினொண்ணு சொல்லணும். நாலு சொல்லுது.

புவனேந்திரன்: மிஸ், ஹல்துமுல்லைப் பக்கத்துலயே முதன்முதல்ல கணினிமயமாக்கப்பட்ட தோட்டம் இது. பெரிய கிளாக்கர்னு நான் ஒருத்தன் இங்க இருக்கேன். பத்து மெஷினும் என் கண்ணு முன்னாலதான் இருக்கு. உங்க சொஃப்ட்வெயாருக்குத்தான் பார்வை கோளாறு.

கலாராணி: எட்டுதான் கண்ணு முன்னால. ரெண்டு ஃபெக்டரியில இருக்கு மிஸ்.

புவனேந்திரன்: கலாராணி, நீ டைப் அடி. போனை ஸ்பீக்கர்ல போட்டது நீ பேசுறதுக்கில்ல.

விதுஷா: பத்துன்னா... சரி, பதினொண்ணாவதைப் பிறகு பாப்போம். சேர், நாலு மணிக்குக் கொழும்புல பெரியவர் இந்த லிஸ்ட்டைத் திறப்பார். எனக்கு இன்னைக்கோட ஆறு மாசம் முடியுது. லிஸ்ட்ல ஒண்ணு குறைஞ்சாலும் வேலை நிரந்தரமாகாது.

புவனேந்திரன்: அதுக்கு நான் என்ன செய்ய?

விதுஷா: எல்லாம் ஒன் பண்ணியிருக்கா?

புவனேந்திரன்: இருக்கு.

விதுஷா: ஃபயர்வோலும் மறிக்கல... உங்க மெஷினோட பேர் என்ன சேர்? ஸ்க்ரீன்ல பாத்துச் சொல்லுங்க.

புவனேந்திரன்: பாக்கவே தேவையில்ல. ஊவா ஒண்ணு.

விதுஷா: ...ஒண்ணா?

புவனேந்திரன்: ஏன், இருக்கக் கூடாதா?

விதுஷா: இல்ல... சும்மா கேட்டேன். ஃபெக்டரி டீமேக்கரோட மெஷின்?

புவனேந்திரன்: அது வந்து...

கலாராணி: ஊவா ஒண்ணு.

விதுஷா: ஸ்டோர்ல?

கலாராணி: ஊவா ஒண்ணு. டிஸ்பென்சரியும் ஊவா ஒண்ணு. மொத்தம் ஏழு ஒண்ணு இருக்கு மிஸ். மிச்சம் எட்டு, ஒன்பது, பத்து. எட்டு என்னோடது. எனக்கு அது போதும்.

விதுஷா: ஒரே பேர்ல ஏழு மெஷினா... கடைசியா அந்தப் பேரை வச்சது எதுவோ, அது மட்டுந்தான் கணக்குல வரும். மத்ததையெல்லாம் டொமைன் வெளிய தள்ளிரும் சேர்.

புவனேந்திரன்: இது என்ன அநியாயம். காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல பேர் கூப்புடுறோம். மூணு இராக்கம்மா வந்து நின்னா, ஒருத்தியை வச்சுக்கிட்டு ரெண்டு பேரைத் திருப்பியா அனுப்புறோம்? நெட்டை இராக்கம்மா, அஞ்சாம் லயத்து இராக்கம்மா, சின்னராசா பொண்டாட்டி இராக்கம்மான்னு மூணு பேருக்கும் பேர் போடுறோம்ல.

விதுஷா: அதைத்தான் மெஷினுக்கும் செய்யச் சொல்றேன்.

புவனேந்திரன்: கொழுந்து எடுக்குற ஆளுக்குப் பட்டப்பேர் வைக்கலாம். உத்தியோகத்தருக்கு ரெண்டாம் நம்பர் வைக்க முடியுமா?

விதுஷா: மெஷினுக்கெல்லாம் நான் அனுப்பின பேர் லிஸ்ட்டை யாரு சேர் மாத்தினது? அதுக்கு எங்க பாஸ்வேர்ட் வேணுமே.

புவனேந்திரன்: நீங்கதான மிஸ் மார்ச்சில போன்ல சொன்னீங்க. ரோட்டுல மண்சரிவு, ஏறி வர முடியாது, நீங்களே செஞ்சுக்குங்கன்னு. நீங்க நேர்ல வந்து செஞ்சதா நானும் கையெழுத்து வச்சுக் குடுத்தேன்.

விதுஷா: மெல்லப் பேசுங்க சேர்.

கலாராணி: இங்க எல்லாருக்கும் தெரியும் மிஸ். பாஸ்வேர்டே கலண்டர்லதான் எழுதியிருக்கு.

புவனேந்திரன்: நான் எனக்கு மட்டுந்தான் ஒண்ணு போட்டேன். மறுநாள் டீமேக்கர் வந்து கலண்டர்ல தேதி பாக்குற மாதிரி நின்னுட்டுப் போனார். இருபத்தெட்டு வருசம் சேவிஸ், சும்மா இருப்பாரா? அவரைப் பாத்து ஸ்டோர் கீப்பர், ஸ்டோர் கீப்பரைப் பாத்து டிஸ்பென்சரி...

விதுஷா: பெரிய தொரைக்கு என்ன நம்பர்?

புவனேந்திரன்: பத்து.

விதுஷா: மனேஜருக்குப் பத்தா? கோவப்படலயா?

புவனேந்திரன்: பெரிய தொரைக்குப் பெரிய நம்பர்னு சொன்னேன். சந்தோசமா ஏத்துக்கிட்டார்.

கலாராணி: அதையே மத்தவங்களுக்கும் சொல்றதுதான ஐயா.

விதுஷா: சொல்லுங்க சேர். ரெண்டுல இருந்து ஏழு வரைக்கும் மாத்திட்டுக் கூப்புடுங்க.

புவனேந்திரன்: ...ஹலோ, மிஸ். முடிஞ்சுது. டீமேக்கர் ஏழு. ஒபிசர்மார்ல உங்க நம்பர்தான் தொரைக்குக் கிட்டன்னு சொன்னேன், தலையை ஆட்டிட்டார். டிஸ்பென்சரி ஆறு.

கலாராணி: ஸ்டோர் கீப்பர் எனக்கும் ஏழுதான்னு நின்னார். அஞ்சுக்கு இறக்கி வைக்க ரெண்டு கப் பிளேன்டி ஆச்சு.

விதுஷா: ரெண்டு யாருக்கு?

புவனேந்திரன்: ஃபீல்ட் ஒபிசருக்கு. அவர் லீவு.

விதுஷா: திங்கக்கிழமை வந்து சண்டை போட்டா?

புவனேந்திரன்: பதுளை மிஸ் போட்டதுன்னு சொல்லிருவேன்.

விதுஷா: இருங்க, தேடுறேன்... ஆறு... எட்டு... பத்து. சேர், ஒண்ணு குறையுது. மணி மூணு அம்பது.

புவனேந்திரன்: இங்க பத்தும் வந்துருச்சே.

விதுஷா: சேர்... நீங்க அந்த ஒண்ணை விட்டுட்டா நல்லது. நம்பர்ல என்ன இருக்கு? மனுசனுக்கு வேலைதான் பெருமை.

புவனேந்திரன்: விட்டுட்டு?

விதுஷா: பதினொண்ணு எடுங்க. தொரையை விடப் பெருசு.

புவனேந்திரன்: நான் வித்த சரக்கை எனக்கே விக்கிறீங்களா?

கலாராணி: ஐயா, பூனாகலைப் பக்கம் இடி இடிக்குது. எல்லா வயரையும் கழட்டவா?

விதுஷா: ஐயோ, கழட்டாதீங்க. ஒரு பத்து நிமிசம்.

புவனேந்திரன்: இடி விழுந்தா பத்தும் கருகிரும் மிஸ். சரி, நான் நம்பரை மாத்தினா மட்டும் பத்து எப்பிடிப் பதினொண்ணாகும்?

விதுஷா: ஆகும் சேர்.

கலாராணி: ஒண்ணு காலியானா, அதுல வேற யாராவது வந்து உக்காந்தாத்தான ஆகும்?

புவனேந்திரன்: யாரு மிஸ் உக்காரப் போறது?

விதுஷா: மணி மூணு அம்பத்தஞ்சு சேர்...

புவனேந்திரன்: எனக்கு அவசரமில்ல. கலாராணி, வயர்ல கையை வை.

கலாராணி: வச்சிட்டேன். மிஸ், உங்க பதுளை ஒபிஸ்ல எத்தனை கொம்பியூட்டர்?

விதுஷா: ...ஒண்ணு. என்னோடது. மார்ச்சில ஊவா ஒண்ணை எனக்கு எடுத்து வச்சுக்கிட்டுத்தான் மத்ததை உங்களுக்கு அனுப்பினேன். இருங்க, பதினொண்ணுன்னு அடிச்சிட்டேன்... ரீஸ்டார்ட் ஆகுது. கையை எடுக்கச் சொல்லுங்க சேர்.