செவ்வாய்க் கல்லும் ரெண்டு 'லாமும்'

சரி... இந்த இடத்துல ஒரு குட்டிக் கதை சொல்லிக்கிறேன். பின்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் முன்னாடி வாங்க. இது சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை... கண்ணை மூடிக் கேக்குற கதை.

செவ்வாய்க்குப் போன ஒரு வண்டியோட கதை. செவ்வாய்னதும் அங்க ஒரு அம்மாவுக்கு முகம் மாறுது பாருங்க! தோஷம் இல்லம்மா, ஜாதகத்தை உள்ள வைங்க. நான் சொல்றது வானத்துல சுத்துற செவ்வாய்.

ஒரு நாடு. எந்த நாடுன்னு கேக்காதீங்க... கனவுல வந்த நாடு. அங்க அமைச்சர்லேர்ந்து விஞ்ஞானி வரைக்கும் எல்லாரும் நம்ம தமிழ்தான் பேசுறாங்க. கனவுதானே, அதுக்கு வரியா போடப் போறாங்க?

அந்த நாட்டுல ஆவுடையம்மாள்னு ஒரு விஞ்ஞானி. பாதி ஆயுசைக் குடுத்து, ஆறு சக்கரம் வெச்ச ஒரு வண்டியைச் செஞ்சு செவ்வாய்க்கு அனுப்புறாங்க. ராக்கெட் கிளம்புது... எல்லாரும் கை தட்டுறாங்க. இந்த அம்மா மட்டும் மெதுவா சொல்றாங்க, "போயிட்டு வாப்பா."

பக்கத்துல நின்னவர் சிரிச்சுட்டாரு. "மேடம், அது எங்க திரும்பி வரும்? போறது மட்டும்தான்!"

"தெரியும் சார். அது வராட்டியும் அது எடுத்து வெக்கிற கல்லு வரும்ல? அதுவுமில்லாம, வீட்டை விட்டுக் கிளம்புறதைப் பாத்து 'போ'ன்னா சொல்ல முடியும்?"

வண்டி போய்ச் சேந்துச்சு. யாருமே இல்லாத ஊரு... காத்து மட்டும் இருக்கு. எப்பவோ ஆறு ஓடின தடம் இருக்கு. தண்ணி போயி கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு. அந்தக் காஞ்ச ஆத்துக்குள்ள வண்டி மெல்ல... மெல்ல... ஊர்ந்து போகுது. சாயங்காலம் ஆனா அங்க வானம் சிவக்காதுங்க. சூரியன் இறங்குற இடம் நீலமா இருக்கும்! அந்த நீல வெளிச்சத்துல ஒரு கல்லு... மேல தேமல் விழுந்த மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு.

வண்டி அனுப்பின படத்தைப் பாத்த ஆவுடையம்மாள் நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டாங்க. ஏன்? நம்ம பூமியில, சேத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர் வாழ்ந்தா இந்த மாதிரி புள்ளி விழும். ஆனா உயிரே இல்லாமலும் விழும். இது எது? படத்தை வெச்சுச் சொல்ல முடியாது, கல்லு இங்க வரணும். வண்டி அதைக் குடைஞ்சு, விரல் தண்டி ஒரு குழாய்ல அடைச்சு, மண்ணு மேல வெச்சிடுச்சு. இனி இன்னொரு வண்டி போயி எடுத்துட்டு வரணும். அதுக்குப் பணம் வேணும். பணம் அமைச்சர் கையில இருக்கு.

அமைச்சர் கேட்டாரு, "ஏம்மா, அங்க உயிர் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்திருக்கலாம், ஐயா."

"லாமா? என் தொகுதியில பாலம் பாதியில நிக்குதும்மா! நான் சபையில எந்திரிச்சு, 'லாமுக்குப் பணம் குடுத்தேன்'னா விடுவாங்களா? 'இருந்துச்சு'ன்னு சொல்லுங்க. தேர்தல் வருது, பத்திரிகைக்காரங்களை நானே கூப்பிடுறேன். நாளைக்கே கையெழுத்துப் போடுறேன்."

ஒரே ஒரு வார்த்தைங்க! பொய்னு யாரு கண்டுபிடிப்பா? கல்லு வந்தாத்தானே தெரியும்? கூட வந்திருந்த விஞ்ஞானி மேஜைக்கு அடியில அந்த அம்மா காலை மிதிக்கிறாரு. "சொல்லித் தொலைங்க மேடம்..."

ஆவுடையம்மாள் கண்ணை மூடினாங்க. அந்த நீல வெளிச்சம்... அந்தக் குழாய்... தனியாக் கிடக்கு. சொல்லிடலாமா? உதடு வரைக்கும் வந்துச்சு...

"ஐயா... இருந்திருக்கலாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இருந்துச்சுன்னு தெரிஞ்சா அதை எதுக்குய்யா கொண்டு வரணும்? தெரியாததுனாலதானே கொண்டு வரணும்கிறேன்!"

அமைச்சர் கெட்டவர் இல்லைங்க. ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் ஃபைலை மூடினாரு. இனிமையா ஒரு வார்த்தை சொன்னாரு. என்ன சொல்லியிருப்பாரு? நீங்களே சொல்லுங்க பாப்போம்... ஆங்!

"பாக்கலாம்மா."

சிரிக்கிறீங்க! லாமுக்குப் பணம் இல்லைன்னாரே, அவரு கடைசியில குடுத்தது என்ன? ஒரு லாம்!

ஆவுடையம்மாள் எந்திரிச்சாங்க. "போயிட்டு வரேங்கய்யா"ன்னாங்க. அவரும் பழக்கத்துல, "போயிட்டு வாங்கம்மா"ன்னாரு. வாசல் வரைக்கும் போன அம்மா நின்னு திரும்பினாங்க. "ஐயா... அந்த வண்டிக்கும் இதைத்தான் சொல்லி அனுப்பினோம்."



இப்ப உங்களைக் கேக்குறேன். ரெண்டும் ஒரே லாம்தானா? அந்த அம்மா சொன்ன லாம், தெரியாததைத் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டு, 'வாங்க, போய்ப் பாப்போம்'னு கூப்பிடுற லாம். அவரு சொன்ன லாம், 'மாட்டேன்'னு சொல்லத் தைரியம் இல்லாம சொல்ற லாம். மேடையில இருக்குற பெரியவங்க கோவிச்சுக்கக் கூடாது, நான் அமைச்சரை மட்டும் சொல்லலை. நம்ம வீட்டுல என்ன நடக்குது? பொண்ணு வந்து கேக்குது, "அப்பா, நான் நட்சத்திரத்தைப் பத்திப் படிக்கவா?" "படிச்சா வேலை கிடைக்குமா?"ங்கிறோம். "கிடைக்கலாம்ப்பா"ங்குது. உடனே நாம என்ன சொல்றோம்?

"பாக்கலாம்."

...இப்ப யாரும் சிரிக்கக் காணோமே!

வீட்டுக்குப் போறப்ப வானத்தைப் பாருங்க. செவப்பா ஒண்ணு மினுங்கினா, அங்க ஒரு காஞ்ச ஆத்துல, நீல வெளிச்சத்துல, விரல் தண்டி ஒரு குழாய் கிடக்குன்னு நெனச்சுக்குங்க. 'வா'ன்னு சொன்ன வார்த்தையை நம்பிக் கிடக்கு. பாத்துட்டு, சீக்கிரம் வீட்டுக்குப் போங்க... அங்கேயும் ஒண்ணு உங்க பதிலுக்காகக் காத்துக்கிட்டு இருக்கலாம்.