காட் மீனுக்குத் தாங்காத ஒயின்

அன்று மதியச் சாப்பாட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி பெலிஸ்மினா, என் தங்கை தெயோலிந்தா, அவள் கணவன் எவரிஸ்டோ. சாப்பாடு நன்றாக இருந்தது. அதையும் உங்கள் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

திராட்சை அறுவடை முடிந்த வாரம் எங்கள் ஊர் மெல்காசோவில் எல்லா வீட்டிலும் அல்வரீஞோ திறப்பார்கள். எங்கள் மண்ணின் வெள்ளை ஒயின் அது; அதே பெயருள்ள திராட்சையில் மட்டும் செய்வது. நான் போன வருடத்துப் புட்டியைத் திறந்தேன். முதலில் பூண்டும் கொத்தமல்லியும் போட்ட சிப்பி வந்தது. எவரிஸ்டோ குடித்துவிட்டுத் தலையாட்டினான். போர்ட்டோ நகரத்து உணவகங்களுக்கு என் ஒயினை விற்பவன் அவன். எந்த ஒயின் எந்தச் சாப்பாட்டோடு சேரும் என்று சொல்வதுதான் அவன் பிழைப்பு.

அடுத்து காட் மீன். உப்பிட்டு உலர்த்தியதை ஊறவைத்து, ஆலிவ் எண்ணெயில் மிதக்கவிட்டுச் சுட்டது. ஒரு வாய் மீன், ஒரு வாய் ஒயின். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"மச்சான், இது ஒயினா தண்ணியா?"

"ஏன் மாப்ள, நாக்கு செத்துப்போச்சா?"

"சிப்பிக்குச் சரியாத்தான் இருந்துச்சு. எண்ணெயைக் கண்டதும் படுத்துருச்சே. நம்ம அல்வரீஞோ இந்த மீனோட மல்லுக்கு நிக்கும். இதுல வேற திராட்சை இருக்கு."

தெயோலிந்தா சிரித்தாள். "விடுண்ணே. வீட்ல கீரை சூப்புக்கே இவரு தீர்ப்பு எழுதுவாரு."

அவன் சிரிக்கவில்லை. "போன வருஷம் ஆலங்கட்டி மழையில உங்க தோட்டம் பாதி போச்சு. புட்டி மட்டும் குறையவே இல்ல. எப்படி மச்சான்?"

ஒரு மாதமாகவே தொலைபேசியில் அந்த மழையைப் பற்றித்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். காட் மீன் சமைக்கச் சொன்னது நான்தான். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவன் சொன்னது சரிதான். ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து மலிவான திராட்சை வாங்கிக் கலந்திருந்தேன். அவனோ, நிலவறைத் தொட்டியில் மீதமிருக்கும் போன வருடத்து ஒயினை நேராகப் பிடித்து ஒருமுறை ருசி பார்க்கிறேன், அதிலும் இப்படித்தான் என்றால் திங்கட்கிழமை ஒயின் சங்கத்தில் சொல்லிவிடுவேன் என்றான். நியாயமானவன். சங்கம் அறிந்தால் அல்வரீஞோ என்ற பெயரை நான் புட்டியில் ஒட்ட முடியாது. அந்தப் பெயரைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை.

"நான் முன்னால போய் மெழுகுவத்தி வைக்கிறேன். நீ மெதுவா வா" என்றேன்.

புதுச் சாறு பொங்கும் நாட்களில் நிலவறையில் ஒரு நச்சுக்காற்று சேரும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் போலத் தரையில் தேங்கும். அதனால் எரியும் மெழுகுவத்தியைத் தரையோடு தரையாகக் கம்பால் உள்ளே தள்ளிப் பார்ப்போம். அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். எங்கள் ஊர்க் குடிகாரன்கூட இதில் தவற மாட்டான். எவரிஸ்டோ வெளியூர். சுடர் எரிந்தால் போகலாம் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். எந்த உயரத்தில் எரிய வேண்டும் என்று அவன் கேட்டதில்லை.

குளிர் அதிகம் என்று காலையிலேயே நிலவறையின் காற்றுத் துளைகளை அடைத்திருந்தேன். மெழுகுவத்தியை மேல்படியிலிருந்து கைக்கு எட்டும் மாடத்தில் வைத்தேன். நன்றாக எரிந்தது.

"எரியுதுல்ல மச்சான்?"

"நீயே பாரு."

நான் பொய் சொல்லவில்லை. கண்ணாடிக் கோப்பையோடு அவன் இறங்கினான். தொட்டியின் குழாய் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. யாராக இருந்தாலும் குனிந்துதான் ஆக வேண்டும். அவன் குனிந்தான். கோப்பை உடைந்தது. பிறகு கால் தரையில் உரசும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

இறங்கித் தூக்கியிருந்தால் நானும் விழுந்திருப்பேன். இது உங்களுக்கும் தெரியும். முற்றத்திலிருந்து தெயோலிந்தா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி வந்துகொண்டிருந்தாள். பார்த்தால் அவள் உள்ளே ஓடியிருப்பாள். என் ஒரே தங்கை. அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் அந்த நிலவறைக் கதவைச் சாத்திப் பூட்டினேன்.