கழிமுகத்தை மூடாத சாலை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், பாரங்காய் என்னும் நம் ஊராட்சியின் தலைவி அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மாரே! வெயிலில் வாடாமல் நிற்கும் தோழர்களே! லினாவ் கடற்கரையின் வணக்கம்!

மணிலாவையும் நம் லினாவ் ஊரையும் இணைக்கும் நெடுஞ்சாலை நாளை திறக்கிறது. கைதட்டுகிறீர்கள், தட்டுங்கள்! ஆனால் அது சும்மா வந்ததா? சுகமாக வந்ததா?

இசித்ரோவின் மனைவி லூர்தெஸ், பிரசவ வலியோடு பழைய சாலை நெரிசலில் சிக்கி வண்டியிலேயே உயிர்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. அன்றுமுதல் சாலை கேட்டு அந்த மனிதன் ஏறாத படி உண்டா? சாலைத் திட்டம் வந்தது. எப்படி வந்தது? கழிமுகத்தை மண்கொட்டி அடைத்துவிட்டு வரப் பார்த்தது! அடைத்தால் படகு எங்கே போகும்? மழைவெள்ளம் எங்கே போகும்?

முதல் மண்லாரி வந்த அன்று, மீன் விற்கும் பெர்லா தன் படகைக் குறுக்கே இழுத்துப்போட்டு அதில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஊர் இரண்டாய்ப் பிளந்தது. படகுக்காரர் பக்கம் துடுப்பு. சாலை கேட்டவர் பக்கம் கல்! கூட்டத்தை விலக்கிக்கொண்டு இசித்ரோ வந்தான்.

"எந்திரி அக்கா! லூர்தெஸ் எப்படிச் செத்தாள்னு மறந்துபோச்சா?"

"மறப்பேனாடா? அவ என் கூடப்பொறந்தவ! ரோடு வேணாம்னா சொன்னேன்? தூண் போட்டு மேல கொண்டுபோகச் சொல்லு."

"அதுக்கு ரெண்டு வருசமாகுமாம். அதுக்குள்ள இன்னொருத்தி செத்தா?"

"வெள்ளத்துல ஊரே செத்தா?"

லாரி உறுமியது. ஒரு முழம் நகர்ந்தது. படகின் விளிம்பு நொறுங்கியது. பெர்லா அசையவில்லை!

இசித்ரோ என்ன செய்தான்? "நிறுத்துடா!" என்று அலறினான். படகில் ஏறி, அழுதுகொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். ஓங்கிய கைகள் தாழ்ந்தன. கற்கள் கீழே விழுந்தன.

பின்னால் யாரது? பொறியாளர் என்ன செய்தார் என்றா கேட்கிறீர்கள்? வேலையை நிறுத்தினார், ஐயா, வரைபடத்தைத் திருத்தினார். தூண்கள் எழுந்தன!

தூண்கள் எழுந்த அந்த இரண்டு ஆண்டும் நோயாளிகளைத் தன் படகில் அக்கரை மருத்துவமனைக்குச் சேர்த்தவன் இசித்ரோ. எல்லோரும் பிழைத்தார்களா? இல்லை. அதோ நிற்கும் எலாதியோவின் தந்தை நடுவழியில் படகிலேயே கண்மூடினார். தாமதம் ஓர் உயிரை வாங்கியது, தோழர்களே! அதை மறைத்துவிட்டு நாம் மாலை சூடலாமா?

நாளை முதல் வண்டி அமைச்சருடையதாம். ஆகாது! எலாதியோ, உன் தாயை ஏற்றிக்கொண்டு முதலில் நீ போ! அமைச்சர் பின்னால் வரட்டும். மறுப்பவர் உண்டா?

இல்லை என்று கைதட்டுகிறீர்கள்! அந்தக் கைதட்டலுக்கு என் நன்றி! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!