இடம் மாறிய நான்கு வயது

எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தங்கள் வயது தெரியாது. அதனால் யாருக்கும் கேழ்வரகுக் களி தொண்டையில் இறங்காமல் போனதில்லை. தேவைப்பட்டால் என்னிடம் வருவார்கள். நான் ஊர்ச் சேர்மன். முத்திரை என்னிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கோ கல்யாணத்துக்கோ எவ்வளவு வேண்டுமோ எழுதித் தருவேன். பந்தாட்டக்காரன் ஒகிரோரைப் பதினொரு வருஷம் பதினாறிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். போன வருஷம் அவன் மகன் அவனைத் தாண்டிப் போய்விட்டான். அப்போதெல்லாம், ஐயா, உங்கள் ஸ்டேஷனிலிருந்து யாரும் விசாரிக்க வரவில்லை.

சிறுவர் சட்டம் போதாது என்பது என் நெடுநாள் கருத்து. பதினெட்டு நிரம்பாதவன் ஆளையே கொன்றாலும் மூன்று வருஷம்தான். அதுவும் தொழில் சொல்லித் தரும் விடுதியில். பயம் எங்கிருந்து வரும்? கூட்டங்களில் இதைப் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

போன வறட்சியில் இரண்டு பையன்கள் எலி பிடிக்கப் புல்லுக்குத் தீ வைத்தார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். காற்று திரும்பிவிட்டது. வாத்தியார் எக்வாரு குடிசைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். உயிரோடு வெளியே வரவில்லை. தீக்குச்சி கிழித்தவன் மூத்தவன். இளையவன் ஒமோடிங், கம்போடு எலிக்குக் காத்து நின்றான். கோர்ட்டுக்கு இருவரின் வயதும் வேண்டியிருந்தது.

நாங்கள் கள்ளுப் பானையைச் சுற்றி உட்கார்ந்து நீளக் குழல்களில் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது ஒமோடிங்கின் தாய் அமோங்கின் வந்து மண்டியிட்டாள்.

"சேர்மன் ஐயா, என் புள்ளைக்குப் பதினாலுதான். வெள்ளத்துல பாலம் போச்சே, அந்த வாரம் பொறந்தவன். பெரிய ஜெயில்ல போட்டா பொழைக்க மாட்டான்."

"எல்லா ஆத்தாளும் பதினாலுன்னுதான் சொல்றா."

"மீசைகூட மொளைக்கல, ஐயா."

"சேர்மன் முத்திரை குத்துனா தன்னால மொளைக்கும், போ," என்றான் ஒகிரோர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"எந்திரி அமோங்கின். நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

பார்த்துக்கொண்டேன். ஒமோடிங்குக்குப் பதினெட்டு என்று எழுதினேன். பதினெட்டு முடிந்திருந்த மூத்தவனுக்குப் பதினாலு. ஒருவனிடம் நான்கு வயதை எடுத்து மற்றவனுக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான். இருவர் வயதையும் கூட்டிப் பாருங்கள், ஒரு நாள்கூட மாறியிருக்காது. பல் பார்த்து வயது சொல்ல வேண்டிய டாக்டர் அன்றைக்கு வரவில்லை. நீதிபதி முத்திரையைப் பார்த்தார்.

மூத்தவன் எலுங்காட் என் மகன். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பேச்சுவாக்கில் விட்டுப்போயிற்று. இப்போது விடுதியில் தையல் படிக்கிறான்.

ஒமோடிங்குக்கு இருபது வருஷம் கிடைத்தது. பெரிய ஆட்களோடு ஒரே கொட்டடியில் அடைத்தார்கள். எட்டே மாதத்தில் உடலை அனுப்பிவைத்தார்கள். எப்படிச் செத்தான் என்று நான் கேட்கவில்லை. அது என் எல்லைக்குள் நடந்ததல்ல.

கல்லறைச் சிலுவையில் வயது எழுத வேண்டுமென்று தச்சன் என்னிடம்தான் வந்தான். பதினைந்து என்றேன். அதைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். இருக்கட்டும், ஐயா. செத்த பிள்ளையின் வயதில் கூட்டிக் குறைக்க எனக்கு மனசு வராது.