எழுத்தில்லாத இரண்டு கவர்

— ரெண்டையுமா? அக்கா, உண்மையைச் சொல்லுங்க, ரெண்டு கவரையுமா பேப்பர்காரங்களுக்குக் கொடுத்தீங்க?

— கத்தாதீங்க தம்பி, மாடி முழுக்கக் கேக்குது. ஆமா, ரெண்டையும்தான். நம்ம ஸ்டூடியோ படமெல்லாம் இனிமே நீல டிஸ்க்குலன்னு ஒண்ணு, சிவப்பு டிஸ்க்குலன்னு ஒண்ணு. ரெண்டும் நான் டைப் அடிச்சேன், நீங்க ஒட்டினீங்க.

— முதலாளி முடிவு பண்ணினதும் ஒண்ணை அனுப்பணும், இன்னொண்ணைக் கிழிக்கணும். அதுதானே பேச்சு?

— எது எதுன்னு எப்படித் தெரியும்? ரகசியம் ரகசியம்னு கவர் மேல ஒரு எழுத்துகூட எழுத விடலையே நீங்க! நேத்து சாயங்காலம் பேப்பர்காரங்க வந்து நின்னுட்டாங்க. ஒண்ணைக் கொடுத்து அது தப்பாப் போயிட்டா? அதான் பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது. நான் பாரபட்சம் பார்க்கல.

— போச்சு! என் பொழப்பு போச்சு! பத்தொன்பது வருஷம் காத்திருந்து, நீங்களும் நானும் மட்டுமே இருக்கிற இந்த டிஸ்க் பிரிவுக்கு மேனேஜர் ஆனேன்கா. மூணு மாசம்கூட ஆகல.

— அழாதீங்க. மத்த ஸ்டூடியோக்காரங்க என்ன பண்றாங்கன்னு கேட்டீங்களா?

— அவங்களுக்கு ஏது சொந்த புத்தி? நாம போற பக்கம்தான் அவங்களும். சிவப்புல இருந்த ரெண்டு ஸ்டூடியோவும், நாம நீலம்னு படிச்சுட்டு விடிஞ்சதும் விடியாததுமா நீலத்துக்குத் தாவிட்டாங்க.

— சரி, நீலத்துல இருந்தவங்க?

— அவங்க படிச்சது வேற பேப்பர். ரெண்டு பேரும் சிவப்புக்குத் தாவிட்டாங்க.

— அப்போ நேத்தும் ரெண்டுக்கு ரெண்டு, இன்னிக்கும் ரெண்டுக்கு ரெண்டு. என்ன கெட்டுப் போச்சு?

— என்ன கெட்டுப் போச்சா? ஒரு ஸ்டூடியோவுல அச்சடிச்ச சிவப்பு அட்டை மேல நீல பெயின்ட் அடிச்சிட்டிருக்காங்களாம், கணக்குப்பிள்ளை முதற்கொண்டு! என் மாமனார் போன வாரம்தான் சிவப்பு டிஸ்க் மட்டும் ஓடற மெஷின் வாங்கினார். பேப்பரைப் பார்த்துட்டு மாத்தப் போனா, கடைக்காரர் இன்னொரு பேப்பரைக் காட்டறாராம். கடை வாசல்ல மெஷினை மடியில வச்சுக்கிட்டு, மாப்பிள்ளை எந்தப் பேப்பர்ல சொன்னது நெஜம்னு போறவன் வர்றவனையெல்லாம் கேட்டுட்டிருக்கார்.

— ஷ்ஷ்! லிப்ட் சத்தம். முதலாளி வர்றாரு. நான்தான் செஞ்சேன்னு சொல்லிடறேன்.

— வேண்டாம்கா. உங்களுக்கு ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம்தான். என் தலையிலயே விடியட்டும்.

— என்னய்யா, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?

— முதலாளி, தப்பு என்னோடது. அக்கா மேல கோபப்படாதீங்க.

— இல்ல முதலாளி, தம்பிக்கு ஒண்ணுமே தெரியாது. கவரைக் கொடுத்தது நான்தான்.

— கோபமா! யாருக்குக் கோபம்? உங்களைத் தலையில தூக்கி வச்சு ஆடணும். ஒரு வருஷமா நீலமா சிவப்பான்னு சோறு எறங்கல எனக்கு. காலைல வீட்டுக்கு ரெண்டு பேப்பர் வந்துச்சு. நீலம்னு படிச்சேன், அடடா, சரியான முடிவுன்னு தோணிச்சு. சிவப்புன்னு படிச்சேன், அதுவும் அப்படியே தோணிச்சு! இனிமே இந்தத் தலைவலி நமக்கு ஆகாதுன்னு ஸ்டூடியோவையே வித்துட்டேன்.

— வித்துட்டீங்களா? யாருக்கு முதலாளி? நீலத்துக்கா, சிவப்புக்கா?

— ரெண்டு பேருக்கும் இல்ல. நம்ம பழைய கேசட் கம்பெனிக்காரருக்கு. மனுஷன் டிஸ்க்னு சொன்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிறார். படம் எல்லாம் மறுபடியும் கேசட்லதானாம்.

— கேசட்டா? அப்போ மத்த நாலு பேரும்?

— போன் அடிச்சுட்டே இருக்காங்க, காலி கேசட் எங்க கிடைக்கும்னு. நல்ல மனுஷன்யா அவரு. இந்தக் கட்டடத்துல ஒருத்தரையும் வேலையை விட்டு எடுக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கார்.

— அப்பாடா! இப்பதான் முதலாளி எனக்கு உசுரே வந்துச்சு. அக்கா, கேட்டீங்களா? உட்காருங்க, தண்ணி குடிங்க.

— அவசரப்படாதய்யா, நான் இன்னும் முடிக்கல. உங்க ரெண்டு பேரைத் தவிர.